தட்டினால் விட வேண்டும்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அங்கே நீ, அத்தான், குட்டிப்பெண் எல்லோரும் சௌக்கியமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பல் ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்க அந்த உயர ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்தால் முதுகு என்னதான் செய்யும்? சாய்ந்து உட்காருகிற நாற்காலி கேள் என்று எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது.

போனில் பேசினால் 'ம்' கொட்டியே தப்பித்துவிடுகிறேன், விஷயம் எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்று நீ சட்டம் போட்டிருக்கிறாய். சரி, விஷயம் இதுதான். எங்கள் சலவைத் தொழிற்சாலையில் என்னை இஸ்திரிப் பிரிவுக்கு இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். இப்போதைக்குத் தற்காலிகம். ஒழுங்காக நடந்துகொண்டால் ஆகஸ்டில் நிரந்தரமாம். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் ஓட்டல் துண்டுகளையும் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டிருந்தவன், இனிமேல் வண்டி தள்ளுகிறவர்களை மேய்க்கப்போகிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. புதிதாக இன்சார்ஜ் ஆனவர்களுக்குத் தலைமைப் பண்பு வளர வேண்டுமாம். அதற்காக மேனேஜர் எங்கள் எல்லோரையும் ஜூடோ வகுப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான ஹால், தரை முழுக்க மெத்தை. மாஸ்டர் ஒரு பெண்மணி. என் தோள் உயரம்தான் இருப்பார். முதல் நாளே என்னை அலாக்காகத் தூக்கிப் போட்டுவிட்டு, "வலிச்சுதா? வலிச்சா நீங்க தப்பா விழுந்திருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார். முதலில் விழுவதற்குத்தான் பயிற்சியாம், அப்புறம்தான் தள்ளுவதற்கு. அதுவரைக்கும் உடம்பில் எலும்பு மிஞ்சினால் சரி.

நீ கேட்டபடி அத்தானின் தம்பி சின்னவனை என் பிரிவிலேயே போட்டுக்கொண்டேன். தங்கும் அறையிலும் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் சின்னவனுக்குத்தான். ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் மச்சான் கிச்சான் என்று கூப்பிடக் கூடாது, மற்றவர்களைப் போல சார் என்றுதான் கூப்பிட வேண்டும். நாலு பேர் தப்பாக நினைக்கக் கூடாதல்லவா? அவனும் சரி என்று தலையாட்டிவிட்டான். அவனைப் பற்றிக் கவலைப்படாதே. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் அன்புத் தம்பி

*

பிப்ரவரி 22

இன்சார்ஜ் சார் அவர்களின் சமூகத்திற்கு,

ஏழை அக்கா தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. சார் நலம்தானே? இங்கே அனைவரும் நலம். முதுகு இருக்கிறது, அது பாட்டுக்கு வலிக்கிறது. நாற்காலி கேட்டேன். டாக்டர் யோசிப்பதாகச் சொன்னார். அவர் யோசிப்பதற்குள் எனக்கு ஓய்வு பெறும் வயது வந்துவிடும்.

உன் கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மெத்தையில் நீ விழுந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டார். ஆனாலும் பெருமையாகத்தான் இருக்கிறதடா. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வாய் திறந்து படுத்திருந்த நோயாளி ஒருவர்கூடத் தலையாட்டினார்.

சின்னவன் விஷயம். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்கு எட்டு வயது. தாய் இல்லாத பிள்ளை. பசித்தாலும் கேட்க மாட்டான், காய்ச்சல் வந்தாலும் சொல்ல மாட்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்து நாமாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாயில்லாப் பூச்சி. வேலையில் மட்டும் எள் என்றால் எண்ணெயாக நிற்பான். அவன் வேறு எங்காவது வேலைக்குப் போகிறேன் என்றால் நான் விட்டிருக்கவே மாட்டேன். நீ இருக்கிறாய் என்றுதான் அனுப்பினேன். சார் என்றே கூப்பிடட்டும். சாப்பிட்டாயா என்று மட்டும் நீ தினமும் கேட்டுவிடு.

உன் அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். குட்டிப்பெண்ணுக்கு இருமல் என்று அத்தான் போனில் சொன்னார். இப்போது தேவலையா?

நீ கேலி செய்தாலும் ஒன்று சொல்கிறேன், இந்த வகுப்பு எனக்குள்ளே என்னவோ செய்திருக்கிறது. முன்பெல்லாம் பிரிவில் யாராவது தப்புச் செய்தால் தொண்டை கிழியக் கத்துவேன். இப்போது மூச்சை இழுத்து விட்டுவிட்டு அப்புறம்தான் பேசுகிறேன். நிமிர்ந்து நிற்கிறேன். மேனேஜரே, "உங்க நடையே மாறிடுச்சே" என்றார். எங்கள் வகுப்பில் ஒரு விதி உண்டு. பிடியில் மாட்டியவனுக்குத் தாங்கவில்லை என்றால் கையால் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ தட்டுவான். தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. இதைவிடப் பெரிய தலைமைப் பண்பு இல்லை என்பார் மாஸ்டர். நான் இதைத் தாளில் எழுதி எங்கள் ஓய்வறையில் ஒட்டியிருக்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு இன்சார்ஜும் தன் பிரிவிலிருந்து ஒருவரை ஜோடியாகக் கூட்டி வர வேண்டும் என்றார்கள். நான் சின்னவனைக் கூட்டிப்போனேன். அவன் நன்றாகவே விழுகிறான். பூனை குதிக்கிற மாதிரி ஓசையே இல்லாமல் விழுகிறான். மாஸ்டர் எல்லோரையும் நிறுத்தி, அவனைப் பாருங்கள் என்கிறார். நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்று, நீயே நியாயம் சொல். போன வாரம் மேனேஜர் எங்கள் பிரிவுக்கு வந்தார். எல்லா இஸ்திரி உருளைகளும் சரியாக ஓடுகின்றன என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சின்னவன் பின்னாலிருந்து, "ரெண்டாவது உருளை ஓரத்துல சூடு ஏறலை சார், விரிப்பெல்லாம் ஈரத்தோட அடுக்குறோம்" என்கிறான். மேனேஜர் அடுக்கில் கையை விட்டுப் பார்த்தார். ஈரம்தான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அவன் சொன்னது சரி. அதை முந்தின நாளே என்னிடமும் சொன்னான், நான்தான் வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். ஆனாலும் சொல்வதற்கு ஒரு இடம் இல்லையா? தலை இருக்க வால் ஆடலாமா? மூச்சை இழுத்து விட்டேன், அவ்வளவுதான்.

சாப்பிட்டாயா என்று தினமும் கேட்கிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் நலம். இருமல் போய்விட்டது, இப்போது சளி வந்திருக்கிறது. அது போனால் வேறு ஏதாவது வரும்.

நியாயம் கேட்டாய், சொல்கிறேன். நீ சொல்வதுதான் சரி. நாலு பேர் முன்னால் வைத்துச் சொல்லியிருக்கக் கூடாது. அவனுக்குச் சூது வாது தெரியாது, அதனால் பேசிவிட்டான். நான் அவனுக்குத் தனியாகக் கடுதாசி போட்டேன். 'என் தம்பி தலை நிமிர்ந்து நிற்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது தெரியுமா? அவனுக்கு உன்னால் ஒரு தலைகுனிவு வரக் கூடாது. அவன் சொல்கிறபடி நட' என்று கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டேன். 'சரி அண்ணி, இனிமேல் அப்படி நடக்காது' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டான். பாவம், அதற்கு மேல் அவனுக்கு எழுதவும் வராது.

நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆகஸ்ட் வரைக்கும் யாருடனும் மல்லுக்கு நிற்காமல் இரு. வகுப்பில் நிற்பது போதும். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே அனைவரும் நலம் என்று நம்புகிறேன்.

பயப்படும்படி எதுவும் இல்லை. சின்னவனுக்கு வலது முழங்கையில் அடி. சலவை எந்திரங்கள் பக்கம் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். வழுக்கி விழுந்துவிட்டான். உடனே நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூட்டு நகர்ந்துவிட்டது, உள்ளே தசைநாரும் கிழிந்திருக்கிறது என்றார்கள். சரியாகப் பொருத்திக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். சில மாதம் ஓய்வு வேண்டுமாம். இங்கே இருந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஞாயிறு காலை வந்து சேருவான். அத்தானை பஸ் நிலையத்துக்குப் போகச் சொல். பையைத் தூக்க அவனால் முடியாது.

வேறு ஒன்றும் இல்லை. வேலை அதிகம்.

தம்பி

*

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சின்னவன் வந்து சேர்ந்தான். கட்டோடு அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன்தான், "ஒண்ணுமில்ல அண்ணி, சரியாயிடும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லையடா. வேலையைப் போட்டுவிட்டு நீயே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய். மருந்து, பையில் துணிமணி, வழிக்குச் சாப்பாடு என்று எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்து அனுப்பியிருக்கிறாய். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அத்தான் சொல்கிறார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை, உனக்கே தெரியும்.

எனக்கு இவன்மேல்தான் கோபம். 'விழுவதற்கென்றே போய்ப் படித்தாயே, பூனை மாதிரி விழுகிறாய் என்று என் தம்பி எழுதினானே, ஈரத்தரையில் விழத் தெரியவில்லையா?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டான். கவனக்குறைவு, வேறென்ன? கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு நடந்தால் அப்படித்தான்.

உன் வகுப்பு எப்படிப் போகிறது? அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே.

உன் அக்கா

*

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் ம், ம் என்கிறாய். அப்புறம் வேலை இருக்கிறது என்கிறாய்.

கட்டுப் பிரித்தார்கள். சின்னவனின் கை நீளவில்லை. பாதியில் நின்றுவிடுகிறது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கைப் பயிற்சிக்குப் போய் வருகிறான். அங்கே அவன் போடும் சத்தத்தைக் கேட்க முடியவில்லை என்று கூடப் போன அத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை. இடது கையால் வீட்டு வேலை செய்கிறேன் என்று பாத்திரத்தைப் போட்டு உடைக்கிறான். நானும் முதுகுவலியோடு வந்து நிற்கிற நேரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நேற்று, 'என் தம்பியைப் பார், உன் வயதில் அவன் இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்தான்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தொழிற்சாலையிலிருந்து தகவல் வந்தது. ரப்பர் பூட்ஸ் போடாமல் ஈரத்தரையில் நடந்ததால் தப்பு அவனுடையதாம். ஆகஸ்டோடு அவன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். பூட்ஸ் போடவில்லை என்று யார் சொன்னது? அந்தப் பிரிவுக்கு இன்சார்ஜ் நீ அல்லவா? இவனைக் கேட்டால், "விடுங்க அண்ணி" என்கிறான். குளிக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றாத பிள்ளை அவன். நீ மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? இந்தக் கையோடு வேறு எங்கே போய் வேலை கேட்பான்? உன்னை நம்பித்தான் அனுப்பினேன். இந்த ஒன்றை மட்டும் செய்துவிடு.

உன் அக்கா

*

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நலம் கேட்கும் தகுதிகூட எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ எனக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதமும் அதோடுதான் இருந்தது. அதை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை. உன்னிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் அக்கா. சின்னவன் தரையில் விழவில்லை. பூட்ஸும் போட்டிருந்தான்.

அது வகுப்பில் நடந்தது. எதிராளியைப் படுக்க வைத்து, அவன் கையை நம் இரண்டு தொடைகளுக்கு நடுவே வைத்து முழங்கையை நீட்டுகிற ஒரு பிடி இருக்கிறது. மெதுவாகச் செய்ய வேண்டும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். நான் சின்னவன் கையைப் பிடித்திருந்தேன். அவன் தட்டியிருக்கிறான். ஹாலில் ஒரே சத்தம், எல்லா ஜோடிகளும் தொப் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தார்கள். நான் கவனிக்கவில்லை. கையில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது, அப்போதுதான் விட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியில் அவனாகவே, "தரையில வழுக்கிட்டேன்னு சொல்லிடலாம் சார்" என்றான். அந்த நேரத்துக்கு நானும் சரி என்றுவிட்டேன். அப்புறம் ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் தேவைப்பட்டது. பூட்ஸ் இல்லை என்று நான்தான் சொன்னேன். மாஸ்டரிடம், அவன் தட்டவே இல்லை என்று சொன்னேன். அவனைக் கேட்டபோது அவனும் ஆமாம் என்று சொல்லிவிட்டான். வகுப்பில் இருந்த மற்ற இன்சார்ஜுகளும் எனக்காக யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போய் நின்றேன். அவர் முதலில் நான் ஆகஸ்ட் விஷயம் பேச வந்திருப்பதாக நினைத்து உட்காரச் சொன்னார். பாதியில் எழுந்து நின்றேன். இன்சார்ஜ் வேலை போய்விட்டது, மறுபடியும் தள்ளுவண்டி. சின்னவனுடைய இடம் அப்படியே இருக்கும், கை சரியாகும் வரை சம்பளமும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே மாஸ்டரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. இனிமேல் மெத்தையில் கால் வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஓய்வறையில் நான் ஒட்டிய தாளை யாரோ கிழித்துப் போட்டிருக்கிறார்கள். கிழிக்கட்டும்.

எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டேன். உன் முகத்தை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது. அத்தானிடம் என்ன சொல்வாய் என்று நினைத்தால் இன்னும் கூசுகிறது. மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மன்னித்துவிடு அக்கா.

தம்பி

*

ஜூலை 20

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கைக்கு வந்தது. அங்கேயே படித்தேன். அதற்கப்புறம் யாருக்கு என்ன டோக்கன் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. பல் பிடுங்க வந்தவரைப் பல் சுத்தம் செய்ய அனுப்பிவிட்டேனாம்.

அத்தானிடம் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டு இருட்டியதும் வந்தார். உன் பெயரை எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை. நீ கூசுகிறது என்று எழுதினாய். உனக்குக் கூசியது ஒரு பங்கு என்றால் எனக்கு நூறு பங்கு. இந்த வீட்டில் இத்தனை நாளும் அந்தப் பிள்ளையை நான் என்னென்ன சொல்லியிருக்கிறேன் தெரியுமா? கண்ணைப் பிடரியில் வைத்துக்கொண்டு நடந்தாய் என்றேன். உடைந்த கிண்ணத்துக்கு நாள் முழுக்கப் பேசினேன். என் தம்பியைப் பார், என் தம்பியைப் பார் என்றேன். கையை ஒடித்தவனையே அவனுக்கு உதாரணமாகக் காட்டியிருக்கிறேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். குட்டக் குட்டக் குனிந்தான், குனியக் குனியக் குட்டினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் அழுதேன். அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "அவரு வேலைக்கு ஒண்ணும் ஆயிடலையே அண்ணி?" என்றுதான் கேட்டான். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி நிம்மதியாக இருந்ததடா. இவனுக்கு என் தம்பிமேல் கோபம் இல்லை என்று நிம்மதி. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அந்தச் சதைதான். அடுத்த நொடி என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. கை ஒடிந்தவன் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒடித்தவனுக்காக நிம்மதிப்படுகிறேன் பார்.

சரி, ஒன்று கேட்கிறேன். மேனேஜரிடம் சொன்னாய். மாஸ்டரிடம் சொன்னாய். எனக்கு நாலு பக்கம் எழுதினாய். யார் யாரிடம் உனக்கு நல்ல பெயர் வேண்டுமோ அவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டாய். இந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருக்கிறான். அவனுக்கும் தபால்காரர் கடிதம் கொண்டுவந்து கொடுப்பார். அவனுக்கு ஒரு வரி எழுதினாயா? என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாயே, என் கையா நீளாமல் நிற்கிறது?

இன்னும் ஒன்று. அன்றைக்கு ஹாலில் அவ்வளவு சத்தமா இருந்தது என்று அவனிடம் கேட்டேன். அவன் எழுந்துபோய்க் கொடியில் காய்ந்த துணியை ஒற்றைக் கையால் எடுக்க ஆரம்பித்துவிட்டான். நான் உன்னிடமும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ எனக்கு ஏற்ற மாதிரி ஒரு பதில் எழுதுவாய்.

எனக்கு இனிமேல் எழுதாதே என்று சொல்ல மாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. ஆனால் அடுத்த கடிதம் எனக்கு வரக் கூடாது.

அக்கா

*

ஆகஸ்ட் 3

சின்னவனுக்கு,

நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் வீணாகிவிட்டது. நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தூங்கியவர்கள். வேலை சொல்லியிருக்கிறேன், சாப்பிட்டாயா என்று உன் அண்ணி சொன்னதற்காகக் கேட்டிருக்கிறேன். அதைத் தவிர உன்னிடம் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மேனேஜரிடமும் மாஸ்டரிடமும் உன் அண்ணியிடமும் நான் சொன்னதில் இரண்டு பொய் மிச்சம் இருக்கிறது. அவை உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அவற்றை உனக்கே எழுதுகிறேன்.

தரையில் விழுந்ததாகச் சொல்லலாம் என்று வண்டியில் சொன்னது நீ இல்லை, நான். நீ வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். நான் உன் காதருகே குனிந்து, "ஈரத்தரைன்னு சொல்லிடலாம், என்ன? எனக்கு ஆகஸ்ட்டு வருது" என்றேன். நீ தலையை ஆட்டினாய். உன் அண்ணியிடம் அதை நீ சொன்னதாக எழுதினேன்.

அடுத்தது, ஹாலில் சத்தம் இல்லை. மற்ற ஜோடிகளை மாஸ்டர் நிறுத்தி வைத்திருந்தார், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் நீ என்னை எறிந்தாய். சுத்தமான எறி. நான் மூட்டை மாதிரி விழுந்தேன். மற்ற இன்சார்ஜுகள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உருளை சூடாகவில்லை என்று மேனேஜர் முன்னால் நீ சொன்ன நாளும் அப்போது ஞாபகம் வந்தது.

பிறகு நான் உன் கையைப் பிடித்தேன், மாஸ்டர் என் முதுகுப் பக்கம் இருந்தார். நீ என் காலில் தட்டினாய். எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை தட்டட்டும் என்று நினைத்தேன். எல்லோரும் பார்க்கும்படி தட்டட்டும் என்று நினைத்தேன். நீ மறுபடியும் தட்டினாய், பலமாகவே தட்டினாய். அதற்குப் பிறகும் நான் விடவில்லை. தெரிந்தேதான் விடவில்லை.

கோபத்தில் செய்தேன் என்றோ, நொடியில் நடந்துவிட்டது என்றோ எழுதினால் அது மூன்றாவது பொய்யாகிவிடும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருந்தது. அந்த மூச்சை எடுக்கத்தான் எனக்கு அத்தனை மாதம் சொல்லிக்கொடுத்தார்கள். அதைக்கூட நான் எடுத்தேன். எடுத்துக்கொண்டே பிடித்திருந்தேன்.

மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லுவாய். நான் சொன்ன எதற்கும் நீ மாட்டேன் என்று சொன்னதில்லை, அதை நான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன். மாட்டேன் என்று சொல்ல வேண்டுமானால் இப்போது சொல். திரும்பி இங்கே வேலைக்கு வரும்போது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வரி எழுது. நான் சலவைப் பக்கத்துக்கோ, வேறு ஊருக்கோ மாறிக்கொள்கிறேன். போவது நானாகத்தான் இருக்க வேண்டும், நீ இல்லை.

இந்தக் கடிதத்தை உன் அண்ணியிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். அண்ணனிடம் காட்டுவதும் அப்படித்தான். காட்டாதே என்று நான் சொல்லவில்லை. அண்ணியின் மனது கஷ்டப்படும் என்று நீ மறைக்கவும் வேண்டாம். மேனேஜருக்கும் மாஸ்டருக்கும் இதே இரண்டு விஷயங்களை நாளைக்கு நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் என்றால் முதல் வரியிலேயே நலம் விசாரிப்பார்கள். உன் அண்ணிக்கு எத்தனையோ கடிதங்களில் அவள் முதுகைப் பற்றிக் கேட்டேன், குழந்தையின் இருமலைப் பற்றிக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட டாக்டரிடம்தான் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை. உன் கை எப்படி இருக்கிறது? ரொம்ப வலிக்கிறதா?